போட்டி நிறுவனத்தின் தண்டவாளத்தில்: கலிஃபோர்னியா ஸெஃபிரும் மாற்றுப்பாதைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பழைய நெடுந்தூர ரயில்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் எஞ்சினையும் உணவுப் பெட்டியையும் வர்ணிப்பார்கள். என்னை ஈர்ப்பது வேறொன்று. மலை சரிந்து பாதை மூடிக்கொண்ட நாளில், நேற்று வரை பயணிகளைப் பிடிக்கப் போட்டி போட்ட நிறுவனமே தன் தண்டவாளத்தைத் திறந்துவிட்டு, "வா, இந்த வழியே போ" என்றது எப்படி? சிகாகோவுக்கும் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கும் இடையே ஓடும் கலிஃபோர்னியா ஸெஃபிரை மையமாக வைத்து, வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு ரயிலை மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஓட்டினவா?

ஆமாம். அமெரிக்காவில் தண்டவாளங்கள் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களின் சொத்து. இந்திய ரயில்வே போல நாடு முழுவதற்கும் ஒரே உரிமையாளர் அங்கே இருந்ததில்லை. சிகாகோவிலிருந்து மேற்குக் கடற்கரை வரை முழு நீளத்துக்கும் சொந்தப் பாதை வைத்திருந்த நிறுவனங்கள் மிகக் குறைவு. அதனால் கூட்டு சேராமல் நீண்ட தூர ரயில் விட முடியாது.

1949 மார்ச் 20 அன்று கலிஃபோர்னியா ஸெஃபிர் ஓடத் தொடங்கியது. சிகாகோவிலிருந்து டென்வர் வரை பர்லிங்டன் நிறுவனத்தின் பாதை. டென்வரிலிருந்து சால்ட் லேக் சிட்டி வரை ராக்கி மலைகளின் ஊடே டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன். அங்கிருந்து கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் வரை வெஸ்டர்ன் பசிபிக். மொத்தம் சுமார் 2,500 மைல். டென்வரிலும் சால்ட் லேக்கிலும் எஞ்சினும் ஓட்டுநர்களும் மாறுவார்கள், பெட்டிகள் அப்படியே தொடரும்.

பெட்டிகளை பட் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகில் கட்டியது. எல்லாப் பெட்டிகளுக்கும் 'சில்வர்' என்று தொடங்கும் பெயர். பெட்டியின் நெற்றியில் பெரிதாக இருந்தது ரயிலின் பெயர்தான், உரிமையாளரின் பெயர் சின்ன எழுத்தில் ஓரமாக இருக்கும். மூன்று நிறுவனங்களின் கால அட்டவணையிலும் ரயிலுக்கு ஒரே எண்கள்: 17, 18. பயணிக்கு இது ஒரே ரயில் என்ற உணர்வு குலையக் கூடாது என்பதில் மூவரும் கறாராக இருந்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் 'சில்வர் ராப்பிட்ஸ்' என்ற ஸ்லீப்பர் பெட்டி. அதன் உரிமையாளர் இந்த மூவரில் யாரும் இல்லை. கிழக்கே நியூயார்க்–சிகாகோ தடத்தில் ரயில் ஓட்டிய பென்சில்வேனியா ரயில்ரோடு அதை வாங்கி இந்தக் கூட்டத்தில் சேர்த்தது. நியூயார்க்கில் படுக்கையில் ஏறியவர் சிகாகோவில் பெட்டி மாறாமலே பசிபிக் கரை வரை போகலாம் என்பதற்காக!

அப்படியென்றால் போட்டி யாரோடு?

யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் இரண்டும் சிகாகோ பக்கத்து நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து ஓட்டிய 'சிட்டி ஆஃப் சான்பிரான்சிஸ்கோ'தான் நேர் எதிரி. அது வயோமிங் மாநிலத்தின் திறந்த மேட்டுநிலம் வழியாகப் போய், நெவாடாவைக் கடந்து, சியரா நெவாடா மலையில் டானர் கணவாயைத் தாண்டும். சிகாகோவிலிருந்து கடற்கரைக்குச் சுமார் 40 மணி நேரம். ஸெஃபிருக்கு ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகும்.

பத்து மணி நேரம் பின்தங்கிய ரயில் எதை வைத்து விற்பது? காட்சியை வைத்துத்தான். ராக்கி மலைகளையும் கலிஃபோர்னியாவின் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி நேரத்தை அமைத்தார்கள். ஒவ்வொரு ரயிலிலும் ஐந்து 'விஸ்டா டோம்' பெட்டிகள், அதாவது மேல்தளத்தில் கண்ணாடிக் கூரை போட்ட பெட்டிகள் இருந்தன. அந்த யோசனை பிறந்ததும் இந்தப் பாதையில்தான். 1944-இல் டீசல் எஞ்சின் தயாரிப்பு நிறுவனத்தின் உயரதிகாரி சைரஸ் ஆஸ்போர்ன், கொலராடோவின் கிளென்வுட் பள்ளத்தாக்கில் எஞ்சின் அறையில் அமர்ந்து பயணம் செய்தார். ஓட்டுநருக்குக் கிடைக்கும் இந்தக் காட்சி பயணிக்கும் கிடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

மாற்றுப்பாதை எப்போது தேவைப்பட்டது?

பாறை உருண்டால், வெள்ளத்தில் பாலம் போனால், சரக்கு ரயில் தடம் புரண்டால், பனி மூடினால். மலைப்பாதை என்றாலே இவை உண்டு.

ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சரிவு விழுந்தால் ஸெஃபிரை சதர்ன் பசிபிக்கின் டானர் கணவாய் வழியாகத் திருப்புவார்கள். அதாவது எதிரி ரயிலின் சொந்த வீட்டு வழியே. டென்வருக்கு மேற்கே ஆறு மைலுக்கு மேல் நீளும் மொஃபாட் சுரங்கப் பாதையில் தடை வந்தால், ரியோ கிராண்டுக்குத் தன்னிடமே இன்னொரு வழி இருந்தது. தெற்கே புவெப்லோ போய், ராயல் கார்ஜ் பள்ளத்தாக்கில் நுழைந்து, 10,000 அடிக்கு மேலே டென்னஸி கணவாயைக் கடந்து, டாட்சீரோ என்ற இடத்தில் பழைய பாதையில் சேர்ந்துகொள்ளலாம். சுற்று அதிகம், ஆனால் சொந்தப் பாதை. டாட்சீரோவுக்கு மேற்கே பாதை மூடினால்தான் யூனியன் பசிபிக்கிடம் போய் நிற்க வேண்டும். அந்த நாளும் வந்தது, கீழே சொல்கிறேன்.

எல்லா நேரமும் மாற்றுப்பாதை உதவும் என்று எண்ண வேண்டாம். 1952 ஜனவரியில் சிட்டி ஆஃப் சான்பிரான்சிஸ்கோ டானர் பகுதியில் பனியில் புதைந்து, இருநூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூன்று நாள் அசையாமல் நின்றது. ரயில் மலைக்குள் போன பிறகு திருப்ப எங்கே இடம்? மாற்றுப்பாதை என்பது மலையடிவாரத்துக்கு வருமுன் எடுக்கிற முடிவு.

எதிரி நிறுவனம் ஏன் ஒத்துக்கொண்டது?

நாளை அதற்கும் இதே நிலை வரும் என்பதால்தான். பெருந்தன்மை இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பெருந்தன்மையை மட்டும் நம்பி நள்ளிரவில் ஒரு ரயிலைத் திருப்பிவிட முடியாது. அதற்கென்று எழுதி வைத்த முறை இருந்தது. அமெரிக்க ரயில் நிறுவனங்களின் பொதுச் சங்கம் மாற்றுப்பாதை ஒப்பந்தத்துக்கு ஒரு பொதுப் படிவத்தை வகுத்திருந்தது. விபத்து நடந்த இரவில் பேரம் பேச வேண்டியதில்லை, விதிகள் ஏற்கெனவே தயார்.

விதிகளின் சாரம் இது. வரும் ரயில் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் கட்டணம். இடம் கொடுக்கும் நிறுவனம் தன் ஆளை வழிகாட்டியாக அனுப்பும், அவர் சம்பளத்தை வருபவர் கொடுக்க வேண்டும். இழப்பு ஏதும் நேர்ந்தால் பொறுப்பின் பெரும்பகுதி வரும் ரயிலின் நிறுவனத்துடையது. கடைசியாகச் சொன்னது முதல் பார்வைக்கு அநியாயமாகத் தெரியும். ஆனால் அது இல்லாவிட்டால் யாரும் வாசலைத் திறந்திருக்க மாட்டார்கள். நான் படித்தவரை இந்த முறை முழுவதையும் தாங்கி நின்றது அந்த ஒரு விதிதான்.

வழிகாட்டி எதற்கு? ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியாதா?

எஞ்சினை ஓட்டத் தெரியும், பாதையைத் தெரியாது. ரயில் ஓட்டுவதில் பாதி பாதையைப் பற்றிய அறிவு. எந்த வளைவில் வேகம் எவ்வளவு, இறக்கத்தில் பிரேக்கை எங்கே பிடிக்கத் தொடங்குவது, சிக்னல் எந்தத் திருப்பத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது என்பதெல்லாம் பல முறை ஓட்டித்தான் வரும். போதாக்குறைக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விதிப்புத்தகம் வேறு. ஒருவரிடம் 'மெதுவாகப் போ' என்று பொருள்படும் விளக்கு இன்னொருவரிடம் வேறு ஏதோ சொல்லும். அதனால் அந்தப் பாதையில் தேர்ச்சி பெற்ற ஒருவர் எஞ்சினில் ஏறிக்கொள்வார். அவரை 'பைலட்' என்பார்கள். நம் ஊரில் ஓட்டுநரையே லோகோ பைலட் என்கிறோம், இவர் அவரல்லாத இன்னொருவர்.

ஆள் மட்டும் போதாது. சில பாதைகளில் சிக்னலின் நிலை எஞ்சின் அறைக்குள்ளேயே தெரியும் கருவி கட்டாயம். வரும் எஞ்சினில் அது இல்லையென்றால் உள்ளூர் எஞ்சின் ஒன்றை முன்னால் கோத்துவிடுவார்கள். பழைய பெட்டிகளைச் சூடாக்க எஞ்சினிலிருந்து நீராவி வர வேண்டும். சரக்கு எஞ்சின்களில் அந்த வசதி இருக்காது. குளிர்காலத்தில் எந்த எஞ்சின் கிடைத்தாலும் சரி என்று இழுத்துக்கொண்டு போக முடியாது.

உயரமும் ஒரு பிரச்சினை. இன்று தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் மேற்கே ஓட்டும் சூப்பர்லைனர் இரட்டை அடுக்குப் பெட்டியின் உயரம் 16 அடி 2 அங்குலம். நியூயார்க் நகரத்துச் சுரங்கங்களில் அது நுழையாது. ஆகவே வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காக எந்த ரயிலையும் எந்த வழியிலும் திருப்பிவிட முடியாது.

அவசரம் இல்லாத நாளிலும் இவர்கள் ஒத்துழைத்தார்களா?

அதற்கு அழகான உதாரணம் நெவாடாவில் இருக்கிறது. வின்னமுக்கா ஊருக்கும் வெல்ஸ் ஊருக்கும் இடையே சுமார் 180 மைலுக்கு வெஸ்டர்ன் பசிபிக், சதர்ன் பசிபிக் இரண்டும் ஹம்போல்ட் ஆற்றங்கரையை ஒட்டித் தனித்தனி ஒற்றைப் பாதை போட்டிருந்தன. எதிர் ரயிலுக்காக இரண்டு பக்கமும் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 1924-இலிருந்து இரண்டையும் ஒரு இரட்டைப் பாதை போலப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். கிழக்கே போகும் ரயில்கள் எல்லாம் வெஸ்டர்ன் பசிபிக் தண்டவாளத்தில், மேற்கே போகும் ரயில்கள் எல்லாம் சதர்ன் பசிபிக் தண்டவாளத்தில். ஸெஃபிர் ஒவ்வொரு மேற்குப் பயணத்திலும் போட்டியாளரின் தண்டவாளத்தில்தான் அந்தத் தூரத்தைக் கடந்தது. பயணிகளில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்!

1970-க்குப் பிறகு என்ன ஆயிற்று?

விமானமும் நெடுஞ்சாலையும் பயணிகளை இழுத்துக்கொண்டன. வெஸ்டர்ன் பசிபிக்குக்கு நட்டம் தாங்கவில்லை. 1970 மார்ச்சில் பழைய ஸெஃபிர் நின்றது. 1971 மே 1 அன்று ஆம்ட்ராக் இயங்கத் தொடங்கியபோது பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் பயணிகள் ரயில்களை அதனிடம் ஒப்படைத்தன. ரியோ கிராண்ட் மறுத்துவிட்டது. ஒற்றைப் பாதை மலைத்தடத்தில் ஆம்ட்ராக் இஷ்டத்துக்கு ரயில் விட்டால் தன் சரக்குப் போக்குவரத்து குலையும் என்ற கவலை அதற்கு. டென்வர்–சால்ட் லேக் இடையே வாரம் மூன்று முறை 'ரியோ கிராண்ட் ஸெஃபிர்' என்ற பெயரில் பழைய டோம் பெட்டிகளோடு தானே ஓட்டியது. 1983 வரை!

ஒத்துழைப்பைப் பற்றி எழுதும் நான், ஒத்துழைக்க மறுத்த இந்த முடிவைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அழகான ரயில் இன்னும் பன்னிரண்டு ஆண்டு உயிரோடு இருந்தது அதனால்தான். விளைவு, ஆம்ட்ராக்கின் 'சான்பிரான்சிஸ்கோ ஸெஃபிர்' யூனியன் பசிபிக்கின் வயோமிங் தடத்தில் ஓடியது.

தீஸில் நிலச்சரிவு என்கிறார்களே, அது என்ன?

மாற்றுப்பாதை வரலாற்றில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1983-இல் ரியோ கிராண்ட் ஒருவழியாக மனம் மாறியது. ஏப்ரல் 25 முதல் ஆம்ட்ராக் ரயில் ராக்கி மலைப் பாதைக்கு மாறும் என்று நாள் குறித்தாயிற்று. அதற்குச் சில நாள் முன்பு, ஏப்ரல் நடுவில், யூட்டாவின் ஸ்பானிஷ் ஃபோர்க் பள்ளத்தாக்கில் ஈரம் ஊறிய மலைச்சரிவு மெல்ல நகர ஆரம்பித்தது. ஒரே அடியாக விழவில்லை. ஊர்ந்து வந்து, தண்டவாளத்தை மேலே தூக்கி, நெளித்து, நெடுஞ்சாலையையும் ஆற்றையும் மறித்தது. மறித்த மண் அணையாகிவிட, பின்னால் ஏரி பெருகித் தீஸில் என்ற சிற்றூரை மூழ்கடித்தது. மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். அமெரிக்காவில் மிக அதிகச் செலவு வைத்த நிலச்சரிவு என்று அது பெயர் பெற்றது.

ரியோ கிராண்டின் முதன்மைப் பாதை இரண்டாக அறுந்தது. டென்னஸி கணவாய் வழி இங்கே பயனில்லை, ஏனென்றால் தீஸில் இருப்பது இரண்டு வழிகளும் ஒன்று சேர்ந்த பிறகு, வெகு மேற்கே. மிச்சமிருந்த ஒரே வழி வயோமிங்கில் யூனியன் பசிபிக்கின் பாதை.

அந்தச் சமயத்தில் இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே என்ன உறவு தெரியுமா? நான்கு மாதம் முன்புதான், 1982 டிசம்பரில், யூனியன் பசிபிக் வெஸ்டர்ன் பசிபிக்கை விழுங்கியிருந்தது. ரியோ கிராண்ட் அந்த இணைப்பைக் கடுமையாக எதிர்த்து வழக்காடியது, ஏனென்றால் மேற்கே அதன் நீண்டகாலக் கூட்டாளியே வெஸ்டர்ன் பசிபிக்தான். அவ்வளவு கசப்புக்குப் பிறகு, ரியோ கிராண்டின் ரயில்கள் யூனியன் பசிபிக் தண்டவாளத்தில் ஓடின. வழக்கு வழக்காக இருந்தது, மாற்றுப்பாதை விதி விதியாக இருந்தது.

பக்கத்து மலையான பில்லீஸ் மவுண்டனைக் குடைந்து ரியோ கிராண்ட் புதிய பாதை போட்டது. சுமார் 3,000 அடிச் சுரங்கம். ஜூலை 4 அன்று அதில் ரயில் ஓடியது, மூன்று மாதத்துக்கும் குறைவான காலத்தில். அதுவரை ஆம்ட்ராக்கும் வயோமிங் வழியிலேயே தொடர்ந்தது. ஜூலை 16 அன்று ராக்கி மலைப் பாதைக்கு மாறியபோது கலிஃபோர்னியா ஸெஃபிர் என்ற பெயரும் திரும்ப வந்தது. ரியோ கிராண்ட் ஸெஃபிர் ஏப்ரலிலேயே விடைபெற்றுவிட்டது.

இன்றும் ஸெஃபிர் மாற்றுப்பாதையில் போகிறதா?

போகிறது. மொஃபாட் தடத்தில் பராமரிப்பு வேலை அல்லது பாறைச் சரிவு என்றால் டென்வரிலிருந்து வடக்கே திரும்பி வயோமிங் வழியாக சால்ட் லேக்குக்குப் போகும். மேற்கே டானர் கணவாய் மூடினால் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழி. இதைக் கவனியுங்கள்: இன்றைய ஸெஃபிருக்கு டானர்தான் தினசரிப் பாதை. 1949-இல் அது விளம்பரம் செய்து விற்ற ஃபெதர் பள்ளத்தாக்கு இன்று எப்போதாவது வாய்க்கும் மாற்றுப்பாதை.

இப்போது இந்த எல்லா வழிகளும் யூனியன் பசிபிக்கின் கையில். 1996-இல் அது சதர்ன் பசிபிக்கை வாங்கியபோது, அதோடு ஏற்கெனவே இணைந்திருந்த ரியோ கிராண்டும் வந்து சேர்ந்தது.

ஒரே உரிமையாளர் என்றால் வேலை சுலபம்தானே?

காகிதத்தில் சுலபம். ஆனால் நான் இதைப் பற்றிக் கவலைப்படுகிறேன். இரண்டு போட்டியாளர்கள் இருந்தபோது இரண்டு பாதைகளும் உயிரோடு இருந்தன. ஒருவரே ஆனதும் 'ஒன்று போதாதா' என்ற கணக்கு வந்துவிட்டது. டென்னஸி கணவாய் வழியே 1997-இல் ரயில்கள் நிறுத்தப்பட்டன. தண்டவாளம் அங்கேயே கிடக்கிறது, ரயில் இல்லை. மொஃபாட் மூடினால் கொலராடோவுக்குள்ளேயே சுற்றிப் போகும் வழி இல்லாமல் போனது இதனால்தான். மாற்றுப்பாதை என்பது அவசரத்தில் கட்டுகிற பொருள் கிடையாது. சும்மா கிடக்கிற நாளிலும் செலவழித்துப் பராமரித்தால்தான் இருக்கும்.

பாதையின் உரிமையாளர் முடியாது என்று சொல்லலாமா?

ஆம்ட்ராக்கைப் பொறுத்தவரை சட்டத்தின் துணை இருக்கிறது. அவசர காலத்தில் வேறு நிறுவனத்தின் பாதை தேவைப்பட்டால், ரயில் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசின் ஒழுங்குமுறை வாரியத்திடம் கேட்கலாம். பாதையை உடனே கொடுக்கச் சொல்லி வாரியம் உத்தரவிட முடியும், கட்டணம் எவ்வளவு என்பதைப் பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம். முதலில் ரயில் ஓடட்டும், கணக்கு அப்புறம் என்பதுதான் பொருள். நடைமுறையில் பெரும்பாலும் பேசி முடித்துக்கொள்கிறார்கள்.

பயணிகளுக்கு என்ன கஷ்டம்?

வழக்கமான பாதையில் இருக்கும் ஊர்களுக்கு ரயில் வராது. ஸெஃபிர் வயோமிங் வழியே போகும் நாளில் கிளென்வுட் ஸ்பிரிங்ஸ், கிராண்ட் ஜங்ஷன் பயணிகளுக்குப் பேருந்து கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் பயணம் ரத்து. வயோமிங் ஊர்க்காரர்களுக்கும் பயனில்லை. ஆம்ட்ராக்கின் 'பயனியர்' 1997-இல் நின்றதிலிருந்து அந்தத் தடத்தில் பயணிகள் ரயிலே கிடையாது. மாற்றுப்பாதையில் போகும் ஸெஃபிர் அவர்கள் ஊரைக் கடந்து போகும், யாரையும் ஏற்றாது. ரயில் ஆர்வலர்கள் கேமராவோடு ஓடுவதைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. கிராண்ட் ஜங்ஷனில் டயாலிசிஸுக்கோ கல்லூரிக்கோ போக வேண்டியவரைப் பற்றியும் எழுதப்பட வேண்டும்.

மாற்றுப்பாதையால் மட்டுமே பார்க்கக் கிடைக்கும் வேறு இடம் உண்டா?

கலிஃபோர்னியாவின் தெஹாச்சபி வளையம். ஏற்றத்தைச் சமாளிக்கப் பாதை ஒரு முழு வட்டம் அடித்துத் தன்னையே மேலே கடந்துபோகும். 1876-இல் முடிந்த வேலை, உழைத்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். நீளமான சரக்கு ரயில் தன் வாலின் மேலேயே ஓடுவதை இங்கே பார்க்கலாம். சதர்ன் பசிபிக் கட்டிய இந்தப் பாதையில் போட்டியாளரான சாண்டா ஃபே நிறுவனமும் 1899 முதல் ஓடும் உரிமை பெற்றிருந்தது.

சரக்கு நெரிசல் காரணமாக 1971-க்குப் பிறகு வழக்கமான பயணிகள் ரயில் எதுவும் அங்கே இல்லை. பேக்கர்ஸ்ஃபீல்டோடு ரயில் நின்றுவிடும், அங்கிருந்து தெற்கே பேருந்துதான். ஆனால் சியாட்டில்–லாஸ் ஏஞ்சலஸ் இடையே ஓடும் 'கோஸ்ட் ஸ்டார்லைட்' தன் கடலோரப் பாதை மூடும்போது இந்த வளையத்தின் வழியே திருப்பப்படுவதுண்டு. சாண்டா பார்பராவின் கடற்காட்சி போய்விடும், பதிலுக்குத் தெஹாச்சபி கிடைக்கும்.

அப்படிப்பட்ட பயணத்துக்கு முன்பதிவு செய்ய முடியுமா?

சரிவு, வெள்ளம் போன்றவற்றால் வருவதை முன்கூட்டியே அறிய வழியில்லை. பராமரிப்புக்காகத் திட்டமிட்ட மாற்றுப்பாதை என்றால் ஆம்ட்ராக் முன்னதாகவே அறிவிக்கும். குறிப்பிட்ட நாட்களில் டென்வருக்கும் சால்ட் லேக்குக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கு மட்டும் டிக்கெட் கிடைக்காமல் இருப்பதும் ஒரு அறிகுறி. கடைசி நிமிடத்தில் ரயிலே ரத்தாகவும் கூடும், அதனால் மறுநாள் முக்கிய வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வயோமிங் வழியைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மேற்கே செல்லும் ரயிலில் ஏறுங்கள். டென்வரில் காலையில் கிளம்புவதால் 8,000 அடிக்கு மேல் ஏறும் ஷெர்மன் மலையைப் பகலில் கடக்கலாம். கிழக்கே வரும் ரயில் சால்ட் லேக்கை விட்டு விடியலுக்கு முன்பே கிளம்பிவிடும், யூட்டாவின் மலைப்பள்ளத்தாக்குகள் இருட்டில் போய்விடும்.